சுவரா, கூத்தா, சமையலா, தையலா: தெருவை ஒன்று சேர்க்க எதில் தொடங்குவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருச் சங்கத்தின் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. மேட்டில் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள். சாலைக்குக் கீழே தகரக் குடியிருப்பில் பெரும்பாலும் ஜூலுக் குடும்பங்கள். ஒரே டாக்ஸியில்தான் இரண்டு பக்கமும் வேலைக்குப் போகிறோம், ஒரே ஸ்பாஸா கடையில்தான் ரொட்டி வாங்குகிறோம். ஆனால் ஒருவர் வாசலை இன்னொருவர் மிதித்தது கிடையாது. இரு பக்கத்தாரும் சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும் என்பதில் கூட்டத்தில் யாருக்கும் மறுப்பில்லை. எதைச் செய்வது என்பதில்தான் இழுபறி.

நாலு யோசனைகள் வந்திருக்கின்றன. மண்டபச் சுவரில் எல்லாரும் சேர்ந்து ஓவியம் வரைவது ஒன்று. தெருக்கூத்துப் பட்டறை ஒன்று. மாதம் ஒருமுறை சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவது ஒன்று. நாலாவது, பெண்கள் சிலர் மெதுவாகச் சொன்னது: சேர்ந்து ஒரு நீளத் துணியைத் தைப்பது. பணமும் ஆள்பலமும் ஒரு வருஷத்துக்கு ஒன்றுக்குத்தான் காணும். ஃபீனிக்ஸிலோ டோங்காட்டிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்கிலோ இதே கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஆகட்டும் என்று என் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மண்ணைப் பற்றி. சாட்ஸ்வொர்த் தானாக வளர்ந்த ஊர் இல்லை. 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டம், எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று கோடு போட்டது. 1960களில் கேட்டோ மேனரிலிருந்தும், நகராட்சித் தொழிலாளர்கள் வாழ்ந்த மேகசின் பேரக்ஸிலிருந்தும் இந்தியக் குடும்பங்களைக் கிளப்பி இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். வெள்ளையர் பகுதிகளுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கு ஒதுக்கிய உம்லாஸிக்கும் நடுவே தடுப்பாக இருக்கட்டும் என்றே இந்த இடத்தைத் தேர்ந்தார்கள். பக்கத்து ஆளோடு பழகக் கூடாது என்று திட்டமிட்டுப் போட்ட ஊர் இது. அதற்கு முன்பே, ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே மூண்ட 1949 ஜனவரிக் கலவரத்தில் டர்பனில் 142 பேர் செத்திருந்தார்கள். 2021 ஜூலைக் கலவரத்தின்போது ஃபீனிக்ஸில் நடந்த கொலைகளின் காயம் இன்னும் ஆறவில்லை. மேட்டில் ஒரு விதமாகவும் கீழே வேறு விதமாகவும் அதைச் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ‘எல்லாரும் வாங்க’ என்று ஒரு நோட்டீஸ் ஒட்டினால் ஊர் கூடிவிடும் என்று நினைப்பது வெகுளித்தனம்.

அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் இதைப் பற்றி எழுதினார். ஒதுங்கி நிற்கும் இரண்டு கூட்டத்தார் வெறுமனே சந்தித்தால் போதாது. சந்திக்கும் இடத்தில் இருவரும் சமமாக நிற்க வேண்டும். நோக்கம் ஒன்றாக இருக்க வேண்டும். அதை முடிக்க ஒருவர் கை மற்றவருக்குத் தேவைப்பட வேண்டும். நிர்வாகமும் பெரியவர்களும் பின்னால் நிற்க வேண்டும். இந்த நாலில் பின்னுள்ள மூன்றையும் எப்படியாவது ஏற்பாடு செய்துவிடலாம். முதலாவதுதான் நம்மிடம் உதைக்கும். இங்கே பல வீடுகளில் துணி துவைக்கவும் தரை துடைக்கவும் வருபவர் ஒரு ஜூலு அம்மா. அந்தப் பழக்கம் மண்டபத்துக்குள்ளும் கூடவே வரும். யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனாலும் கரண்டி நம் கைக்கு வந்துவிடும், பாத்திரம் தேய்க்கும் நார் அவர்கள் கைக்குப் போய்விடும். ஆகவே நாலு யோசனைகளையும் நான் ஒரே கேள்வியில் வைத்துப் பார்க்கிறேன்: எல்லாம் முடிந்தபின் குழாயடியில் நிற்கப்போவது யார்?

சுவரோவியம் இளைஞர்களின் விருப்பம். டர்பனுக்கு இதில் அனுபவம் உண்டு. பழைய மத்தியச் சிறையின் சுவரில் மனித உரிமைகளைச் சொல்லும் ஓவியங்கள் வரையப்பட்டதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கணக்கும் எளிது. 10 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் என்றால் 30 சதுர மீட்டர். ஒரு லிட்டர் பெயிண்ட் ஒரு பூச்சுக்கு எட்டிலிருந்து பத்து சதுர மீட்டர் வரை வரும். பிரைமர் நாலு லிட்டர், அடிப்பூச்சு இரண்டு தடவைக்கு எட்டு லிட்டர், மேலே வண்ணங்கள். கடல் உப்புக்காற்றுக்கு பிரைமரில் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது. நம் ஊரில் வெயில் வடக்கிலிருந்து விழும் என்பதால் வடக்குப் பார்த்த சுவர் சீக்கிரம் வெளுத்துவிடும்; தெற்குச் சுவர் கிடைத்தால் நல்லது. சுவர் நகராட்சியுடையது என்றால் அனுமதிக் கடிதத்துக்கு அலைய வேண்டும்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். எனக்கு உறுத்துவது வேறு. வழக்கமாக என்ன நடக்கிறது? ஓவியர் ஒருவர் படத்தைப் போட்டுக்கொண்டு வருவார். சனிக்கிழமை காலை பிள்ளைகள் வந்து குறித்த கட்டங்களில் வண்ணம் நிரப்புவார்கள். கவுன்சிலர் வந்து படம் எடுத்துக்கொள்வார். மதியத்தோடு கலைந்துவிடுவோம். சுவர் பத்து வருஷம் நிற்கும், பழக்கம் பத்து நாள் நிற்காது. பிலடெல்பியாவில் 1984இல் சுவர்க் கிறுக்கல்களுக்கு எதிராகத் தொடங்கிய திட்டம் பிறகு ஆயிரக்கணக்கான சுவரோவியங்களாக வளர்ந்தது. அங்கே இதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள். பாராசூட் துணி போன்ற மெல்லிய துணியைத் துண்டு துண்டாக வெட்டி, மேசையில் வைத்து வரைந்து, கடைசியில் சுவரில் ஒட்டுகிறார்கள். ஏணி ஏற முடியாத பாட்டியும் வரையலாம், சிறையில் இருப்பவரும் வரையலாம். மழை வந்தாலும் வேலை நிற்காது. சுவர்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் இந்த வழியை எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு வேண்டுகோள்: காந்தியும் மண்டேலாவும் கைகோத்து நிற்கும் சுவர் இன்னொன்று வேண்டாம். அவர்கள் இருவரும் நம் தெருவில் குடியிருக்கவில்லை.

கூத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், என் மனம் அந்தப் பக்கம் சாய்வதால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருக்கிறது. இங்கே ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று பெயர் வாங்கிய நம் தெருக்கூத்து, கரும்புத் தோட்டக் காலத்தில் கோவில் திருவிழாக்களில் விடிய விடிய ஆடியது. இன்று ஆடத் தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர்தான், ஆதரவு தேவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது வேறு பணத்தில் செய்ய வேண்டிய வேறு காரியம். பாட்டும் அடவும் பிடிபடவே மாதக்கணக்காகும். கதையும் பாட்டும் நம்முடையவை. ஜூலுப் பையன் வந்தால் வேடிக்கை பார்ப்பான், மிஞ்சிப்போனால் ஒரு சேவகன் வேஷம் கட்டுவான். கலை யாருடையதோ அவரே வீட்டுக்காரர், மற்றவர் விருந்தாளி. சமம் அங்கேயே போய்விடுகிறது.

ஆனால் பாட்டுக்கு ஒரு பலம் உண்டு, அதை விடக் கூடாது. பிரிட்டனில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில், முன்பின் அறியாத பெரியவர்களைப் பாட்டு, கைவினை, எழுத்து வகுப்புகளில் சேர்த்துப் பார்த்தார்கள். பாட்டு வகுப்பினர் மற்றவர்களைவிட வேகமாக நெருங்கினார்கள். ஆனால் ஏழு மாதத்தின் முடிவில் மூன்று வகையினரும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு நெருங்கியிருந்தார்கள். நமக்கு இதில் இரண்டு செய்திகள். ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் வேறெதையும் யோசிக்காமல் பாட்டு வைத்துவிடுங்கள்; ஜூலுக்களின் இசிகதமியா குழுப்பாட்டு இந்த மாகாணத்தில் பிறந்தது, நம் பக்கம் உறுமியும் பஜனையும் இருக்கின்றன. ஒரு வருஷம் இருக்கிறது என்றால் அவசரப்பட வேண்டாம், கை வேலையும் அதே இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

சரி, சாப்பாடு. நம்மவர்களுக்கு எதைத் தொடங்கினாலும் பிரியாணியில் போய் முடிக்கும் பழக்கம். கூட்டத்திலும் அப்படித்தான்: சமையற்காரரைப் பிடிப்போம், நூறு பேருக்குப் பத்துக் கிலோ அரிசி, இரண்டு அண்டா, கீழே இருப்பவர்களுக்கும் டப்பாவில் கட்டிக் கொடுப்போம் என்றார்கள். இதை நான் எதிர்க்கிறேன். பிரியாணியின் மேல் எனக்குப் பகை ஒன்றுமில்லை. கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர் என்று ஆனபின் அது தர்மம். நல்ல காரியம், ஆனால் நாம் தேடுவது அது இல்லை. ஜூலை 18, மண்டேலா நாளில் 67 நிமிடம் சேவை என்று சூப்பு ஊற்றும் வரிசைகளைப் பாருங்கள். ஊற்றுபவர்கள் சேர்ந்து நின்று படமெடுத்துக்கொள்வார்கள், வரிசையில் நிற்பவரின் பெயர் யாருக்கும் தெரியாது.

சாப்பாட்டையே கலையாக்கியவர்களும் இதில் இடறியிருக்கிறார்கள். தாய்லாந்துப் பின்னணி கொண்ட கலைஞர் ரிர்க்ரித் திராவனிஜா 1992இல் நியூயார்க்கில் ஒரு கலைக்கூடத்தைச் சமையலறை ஆக்கி, வந்தவர்களுக்கெல்லாம் தாய் குழம்பும் சோறும் இலவசமாகக் கொடுத்தார். கலையுலகில் பெரிய பேச்சானது. பிற்பாடு ஒரு விமர்சனமும் எழுந்தது: அங்கே சேர்ந்து சாப்பிட்டவர்கள் ஏற்கெனவே ஒரே வட்டத்து ஆட்கள்தானே? நம் கோவில் அன்னதானத்துக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். கதவு எல்லாருக்கும் திறந்துதான் இருக்கிறது. வருபவர்கள் யார் என்று பாருங்கள்.

கோவில் என்றதும் இன்னொன்று. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை இங்கே எல்லாரும் ‘பாரிட்ஜ் பிரேயர்’ என்கிறோம். கூழ் அருமையான யோசனை, பின்னால் வருகிறேன். ஆனால் அம்மனுக்குப் படைத்தபின் அது பிரசாதம். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் குடும்பங்கள் படைத்த உணவைத் தொட மாட்டார்கள். கீழே இருப்பவர்களைச் சொல்லவில்லை, நம் தெருவிலேயே பாதித் தமிழ் வீடுகள் இப்போது சபை வீடுகள். ஆகவே இடம் கோவிலாகவும் வேண்டாம், சபையாகவும் வேண்டாம். பள்ளிக்கூடமோ நகராட்சி மண்டபமோ போதும். சூடம் ஏற்றுவது, ஜெபம் சொல்வது எல்லாம் அவரவர் வீட்டில்.

தேதியும் இப்படித்தான். செப்டம்பர் 24 மரபுரிமை நாளில் நாடே கரி மூட்டி இறைச்சி சுடுகிறது. ஒற்றுமைச் சாப்பாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை என்று எல்லாருக்கும் தோன்றும். அந்தத் தேதி எந்த வருஷமும் புரட்டாசிக்குள்தான் விழும். நம் வீடுகளில் பாதி அந்த மாதம் கறி தொடாது. கீழே இருந்து வருபவர்கள் நெருப்பைச் சுற்றி உட்கார, நம் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்பது நல்ல தொடக்கமா?

சமையல் யோசனையைக் காப்பாற்றுவது சாப்பிடும் நேரம் இல்லை, காத்திருக்கும் நேரம். சமையற்காரர் வைத்த பிரியாணி மண்டபத்துக்கு ரெடியாக வந்து இறங்கும். தட்டை வாங்கி, தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, முடித்துக்கொண்டு கிளம்புவோம். சாம்ப் என்கிற உடைத்த மக்காச்சோளத்தையும் பயறையும் சேர்த்து வைத்தால் கதை வேறு. முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். அடுப்பில் ஏற்றினால் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அடிப்பிடிக்காமல் ஒருவர் கிண்ட வேண்டும், இன்னொருவர் விறகு தள்ள வேண்டும், மற்றவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த உட்காருதலில்தான் பேச்சு வரும். ஆகவே பதார்த்தங்களை ருசிக்காக மட்டும் தேர்ந்தெடுக்காமல் தாமதத்துக்காகவும் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

இன்னொரு விதி: இரண்டு பக்கத்துக்கும் ஏற்கெனவே கைவந்த பொருளாக இருக்க வேண்டும். அதற்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. சுகர் பீன்ஸ் நம் வீட்டில் மசாலாக் குழம்பு, அவர்கள் வீட்டில் புத்து என்கிற உதிரி மாவுக்களிக்குத் துணை. மதும்பி என்கிற சேப்பங்கிழங்கை அவர்கள் வேகவைத்து உப்புத் தொட்டுத் தின்பார்கள், நாம் புளி விட்டுக் குழம்பு வைப்போம். புளித்த பால் இரண்டு வீட்டிலும் உண்டு. மூன்று கால் இரும்புச் சட்டி இரண்டு வீட்டிலும் உண்டு. இனி கூழுக்கு வருகிறேன். ஊரில் கேழ்வரகிலோ கம்பிலோ காய்ச்சிய கூழை, கரும்புக் காட்டுக்கு வந்தபின் நம் பாட்டிமார் கிடைத்த மீலி மாவில், அதாவது மக்காச்சோள மாவில், காய்ச்சினார்கள். ஜூலு வீடுகளில் அதே மாவைக் கரைத்துக் காய்ச்சிப் புளிக்கவைத்து அமஹேவு என்று குடிக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வித்தியாசம் வெங்காயத்திலும் மோர் மிளகாயிலும்தான். இங்கே யாரும் யாருக்கும் புதுச் சாப்பாட்டை அறிமுகம் செய்துவைக்கவில்லை. ‘நீ எத்தனை நாள் புளிக்கவைப்பாய்?’ என்று கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் மேல் கீழ் கிடையாது.

சரி, அந்த மூன்று மணி நேரம் கை சும்மா இருக்குமா? இங்கேதான் நாலாவது யோசனை வந்து பொருந்துகிறது. கூட்டத்தில் அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, தையலா என்று சிரித்தார்கள். எனக்கு அதுதான் நாலிலும் கெட்டியான யோசனையாகப் படுகிறது.

காரணம் ஊரின் வரலாற்றிலேயே இருக்கிறது. டர்பனின் துணி ஆலைகளில் மெஷினில் உட்கார்ந்தவர்களில் பெரும்பகுதி சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பெண்கள். 1990களில் இறக்குமதி வரி குறைந்து மலிவுத் துணி வந்து குவிந்தபோது ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. அந்தக் கைகள் இன்னும் இருக்கின்றன, காலர் வைப்பதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. மறுபக்கம் ஜூலுப் பெண்களின் மணிவேலை உலகம் அறிந்தது. பழைய டெலிபோன் கம்பியில் வண்ண வண்ணமாகக் கூடை பின்னுவதும் இந்தப் பகுதிக் கை வேலைதான். ஒருவர் ஆசிரியர், மற்றவர் மாணவர் என்று ஆக வழியில்லை. மணி கோக்க இவருக்கு அவர் வேண்டும், ஓரம் மடித்து அடிக்க அவருக்கு இவர் வேண்டும். ஆல்போர்ட் கேட்ட சமம் இங்கே யாரும் பிரசங்கம் செய்யாமலே கிடைக்கிறது.

பெரிய அளவில் செய்துகாட்டியவர்களும் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். கிழக்கு கேப்பில் ஹாம்பர்க் என்ற கடலோரக் கிராமத்தில், மருத்துவரும் ஓவியருமான கேரல் ஹாஃப்மெய்ர் 2000இல் தொடங்கிய கீஸ்கம்மா கலைத்திட்டத்தில், கோசாப் பெண்கள் தங்கள் பகுதியின் வரலாற்றை 120 மீட்டர் நீளத் துணியில் பூத்தையலாகத் தைத்தார்கள். அது நாடாளுமன்றத்தில் தொங்கியது. நாம் நூற்றிருபது மீட்டருக்கு ஆசைப்பட வேண்டாம். மண்டபத்து மேசைகளின் நீளத்துக்கு ஒரு விரிப்பு போதும். ஒவ்வொரு மாதமும் ஒரு பட்டை சேரும். ஒரு மாதம் கோலமும் மணியும், ஒரு மாதம் எங்கிருந்து வந்தோம் என்ற படம்: கேட்டோ மேனர் வீடு ஒருவருக்கு, டுகேலா ஆற்றங்கரை ஒருவருக்கு. அடுத்த மாதம் சாப்பாடு அதன் மேல்தான். ஒரு நடைமுறைக் குறிப்பு: வெள்ளைத் துணி வாங்காதீர்கள், மஞ்சள் கறை ஜென்மத்துக்கும் போகாது. அடர்நீலமோ பழுப்போ எடுங்கள்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். துணி என்றால் ஆண்கள் வர மாட்டார்கள். பதினாறு வயசுப் பையன்கள் சத்தியமாக வர மாட்டார்கள். அடுப்பும் விறகும் சட்டியும் ஆண்களைக் கொஞ்சம் இழுக்கும். பையன்களை இழுக்க எனக்கு வழி தெரியவில்லை, ஒருவேளை அந்த உறுமிதான் இழுக்குமோ என்னவோ. வேகமும் குறைவு, ஒரு சுவரை ஒரு மாதத்தில் முடித்துக் காட்டலாம், துணி ஒரு வருஷம் இழுக்கும், நடுவில் கூட்டம் மெலியும். பணம் கொடுத்தவர்கள் ‘எங்கே, ஒன்றையும் காணோமே’ என்பார்கள். உங்கள் சங்கத்துக்கு உடனே காட்ட ஏதாவது வேண்டும் என்றால், அல்லது தெருவில் இளைஞர்கள்தான் அதிகம் என்றால், பிலடெல்பியா முறைச் சுவரோவியம் உங்களுக்குச் சரி. கோவில் சங்கமாக இருந்து, ஏற்கெனவே கூத்து ஆடுபவர்கள் கையில் இருந்தால், கூத்தைக் கூத்துக்காகவே செய்யுங்கள். அதன் தலையில் இன ஒற்றுமையைச் சுமத்தாதீர்கள்.

எங்கள் தெருவுக்கு என் பரிந்துரை மெதுவான சமையலும் துணியும் சேர்த்து, மாதம் ஒரு ஞாயிறு. செலவும் குறைவு: சாம்ப், பயறு, மாவு, விறகு, நூல், மணி. சமையற்காரர் கூலி இல்லை. இறைச்சி வேண்டும் என்பவர்களுக்கு ஒரு சட்டி கோழி தனியாக, தனிக் கரண்டியோடு. முஸ்லிம் வீடுகளும் வருவதால் ஹலால் கடையில் வாங்கினால் பிரச்சினை இல்லை. மாடும் பன்றியும் வேண்டாம் என்பதை முதல் கூட்டத்திலேயே எல்லார் முன்னாலும் பேசிவிட வேண்டும், சமையல் நாளன்று கிசுகிசுக்கக் கூடாது.

எதை விட்டாலும் விடக்கூடாதது முறைப்பட்டியல். கிண்டுவதற்கு, நறுக்குவதற்கு, பரிமாறுவதற்கு, கழுவுவதற்கு: ஒவ்வொன்றுக்கும் மேட்டிலிருந்து ஒருவர், கீழேயிருந்து ஒருவர், ஜோடியாக. அடுத்த மாதம் வேலை மாற வேண்டும். கழுவும் ஜோடியில் மேட்டுப் பக்கத்திலிருந்து முதல் பெயர் சங்கத் தலைவருடையதாக இருக்கட்டும். சிரிப்பார்கள், பரவாயில்லை. தலைவர் முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றால் மற்றவர்கள் ‘நீங்க இருங்க அம்மா, அவங்க கழுவுவாங்க’ என்று சொல்லக் கொஞ்சம் யோசிப்பார்கள். சாமான் பணமும் இரு பக்கத்தாரின் கையெழுத்தில்தான் வெளியே வர வேண்டும். என்ன சமைப்பது என்பதை ஒரு மாதம் மேடும் ஒரு மாதம் பள்ளமும் முடிவு செய்யட்டும்.

முதல் நாளாக ஆகஸ்ட் 9ஐச் சொல்கிறேன். 1956இல் அன்றுதான் 20,000 பெண்கள், எல்லா இனத்தாரும், ஆப்பிரிக்கர்கள் எங்கே போனாலும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் சட்டத்தை எதிர்த்து பிரிட்டோரியாவின் யூனியன் கட்டடத்துக்கு நடந்தார்கள். அதனால்தான் அன்று மகளிர் நாள் விடுமுறை. ஆடி மாதமும் அதற்குள் வந்துவிடுகிறது, கூழுக்கு வீட்டில் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். டர்பனில் மழை குறைந்த காலம், வெளியிலேயே அடுப்பு மூட்டலாம். புரட்டாசிக்கு முன் இரண்டு சாப்பாடு முடிந்துவிடும். செப்டம்பர் 24 வரும்போது கரி மூட்டுவதா வேண்டாமா என்பதை, அதற்குள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகியவர்கள் உட்கார்ந்து பேசிக்கொள்ளட்டும்.

அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு. சுவருக்குத்தான் கை அதிகம் தூக்குவார்கள் என்று கேள்விப்படுகிறேன். தோற்றால், சுவருக்கான துணித் துண்டுகளையாவது அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து வரைவோம் என்று ஒரு திருத்தம் கொண்டுவருவேன்.